சேமக்காலைக்கு வராத உடல்கள்

பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்ப்பவர்களுக்கு அந்த வசனம் மனப்பாடம். பூதவுடல் பேராலயத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபின் சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்படும். பெயரைப் பார்க்காமலே இறந்தவர் கத்தோலிக்கர் என்று சொல்லிவிடலாம். இந்து மயானத்தில் தகனக்கிரியை என்றால் வேறு வீடு, மையவாடியில் ஜனாஸா என்றால் இன்னொரு வீடு. திருகோணமலையில் மூன்று சமூகத்தவரும் ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறோம். சாவீட்டுச் சொற்கள் மட்டும் தனித்தனி.

நல்லடக்கம் என்ற சொல் முஸ்லிம்களுக்கும் கத்தோலிக்கருக்கும் பொது. அதன் பெறுமதி கொரோனாக் காலத்தில் தெரிந்தது. 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை தொற்றால் இறந்தவர்களைப் புதைக்க அரசு விடவில்லை. அடக்கம் செய்யும் வழக்கமுள்ளவர்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே தகனத்துக்கான தடையைத் தளர்த்திவிட்டது. ஆனாலும் அடக்கத்தையே வலியுறுத்துகிறது. எரித்தாலும் சாம்பலைக் கடலில் கரைக்கவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. எதற்காக? ஒரு இடம் வேண்டும், அந்த இடத்தில் ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக.

சேமக்காலை என்ற சொல்லிலும் இந்த எண்ணம் இருக்கிறது. சேமம் என்றால் பத்திரம். காலை என்றதும் என் காதில் விழுவது மாட்டுக்காலை, பொழுதுபட மாடுகளை எண்ணி அடைக்கும் இடம். சொல்லின் வேரை மொழியறிஞர்கள் தேடட்டும். எண்ணி அடைப்பது என்ற பொருள் எனக்குப் போதும்.

அங்கே மண்ணும் வெறும் மண் அல்ல, மந்திரிக்கப்பட்ட மண். திருச்சபைச் சட்டத்தின் 1240ஆம் பிரிவு இதில் தெளிவானது. கோயிலுக்கென்று சேமக்காலை இருக்கவேண்டும், இல்லையென்றால் பொது மயானத்தில் ஒரு பகுதியை மந்திரிக்கவேண்டும், அதற்கும் வழியில்லாவிட்டால் ஒவ்வொரு குழியையும் தனித்தனியே மந்திரிக்கவேண்டும். மந்திரிக்காத குழியில் யாரும் விடப்படக்கூடாது என்பதே இதன் உட்கருத்து. குழி எங்கே என்றே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அதில் எழுதியில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கேள்வி குருமாரையும் விடவில்லை. 1988 ஜூன் 6இல் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட சந்திரா பெர்னாண்டோ அடிகளாருக்குக் கல்லறை உண்டு. 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க இயேசு சபைக் குரு இயூஜின் ஹீபர்ட்டுக்கு இல்லை. அவருடன் போன தமிழ் இளைஞருக்கும் இல்லை. 2009 மே 18இல் முல்லைத்தீவில் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருக்கும் இல்லை. எத்தனையோ பேரை மந்திரித்து அடக்கம் செய்த கைகள் அவர்களுடையவை.

உடல் இல்லாவிட்டாலும் இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது பெயரோடு ஒரு விபரமும் வேண்டும்: ஆன்ம இளைப்பாற்றிக்கா, உயிரோடு இருப்பவரின் நலனுக்கா? பிள்ளையைத் தேடும் தாய் முதலாவதை எழுதினால் தன் கையாலேயே பிள்ளையைச் சாகடித்தது போலாகும். அரசாங்கமும் இதே கேள்வியைத்தான் கேட்டது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணச்சான்றிதழ் எடுக்க வழிசெய்தது. பலர் மறுத்தார்கள். 2016இல் அதைத் திருத்தி, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வாங்காமல் வீதியில் இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர் என்பவர்கள் மேலே சொன்ன அந்தப் பூசைத் துண்டை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் இறந்த பிரித்தானிய அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டினின் உடல், வங்காள விரிகுடாவைக் கடந்து திருகோணமலையில் அடக்கமாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கு நிலாவெளி வீதியில் பொதுநலவாயக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் தெரியாத சிப்பாய்க்கும் ‘இறைவன் அறிவார்’ என்று கல் வைப்பது அவர்களுடைய முறை. அதே துறைமுகத்தின் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பு நிலவறைகளைக் கண்டதாக ஐ.நா. பணிக்குழு 2015 நவம்பரில் அறிவித்தது. அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் எத்தனை பேருக்குக் கல் இருக்கிறது?

துறைமுகத்துக்கு அக்கரையில் சம்பூர். ஆலங்குளத்தில் துயிலும் இல்லம் இருந்தது. அங்கே ‘புதைத்தார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘விதைத்தார்கள்’ என்றே சொல்வார்கள். அந்தக் கற்களும் இன்று இல்லை. 2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையில் கண்ணிவெடி அகற்றியவர்களின் கையில் மனித எலும்புகள் பட்டன. பக்கத்தில்தான் 1990 ஜூலையில் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபி. மூதூர் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. உடனே எழுந்த கேள்வி, இது முன்பு மயானமாக இருந்த இடமா என்பது. செம்மணியிலும் இதே வாதம்தான். அங்கே எலும்புகள் வெளிப்பட்டதே அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில்.

ஒரு சொல்லில் இவ்வளவு தங்கியிருக்கிறது. ‘மயானம்’ என்று முடிவானால் எலும்பு பழைய எலும்பு, கோவை மூடப்படும். ‘மனிதப் புதைகுழி’ என்றால் குற்ற விசாரணை, அகழ்வு, சந்தேகநபர். ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டம் படிக்காமலே தெரியும். சேமக்காலையிலோ இந்து மயானத்திலோ உடல் நீட்டிக் கிடத்தப்படும், பெட்டி இருக்கும், கும்பிட்ட கை இருக்கும், செபமாலையோ வாய்க்கரிசியோ இருக்கும். செம்மணியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. குழந்தைகளும் இருந்தார்கள், ஒரு புத்தகப் பையும் இருந்தது. இப்படியான இடங்களில் எங்கள் அடக்க முறைகளை அறிந்தவர்களின் சாட்சியத்தையும் நீதிமன்றங்கள் கேட்கவேண்டும். கோயில்களின் மரணப் பதிவேடுகளும் பிரதேச சபைகளின் மயானப் பதிவுகளும் பத்திரப்படுத்தப்படவேண்டும். எங்கே மயானம் இருந்தது என்பதோடு, எங்கே இருக்கவில்லை என்பதற்கும் அவைதான் சாட்சி.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சேமக்காலையில் புல் செருக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். குருவானவர் வரிசையாக மந்திரித்துக்கொண்டு போவார். வேறெங்கோ அடக்கமானவர்களுக்காக நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் திரி வைப்பது வழக்கம். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள், தாய் தகப்பனின் கல்லறைக்குத் திரி கொண்டுவந்தவர்களாக. கையில் ஒரு திரி மிஞ்சினால், அதைச் சிலுவையடியில் வைப்பதா வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று அவர்கள் ஒவ்வொரு வருடமும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.