ஒற்றை எண்ணில் ஊசலாடும் அடையாளம்

இந்தியாவில் ஒருவர் தாம் யார் என்பதை நிறுவுவதற்கு இன்று அதிகம் தேவைப்படுவது பத்து இலக்கக் கைபேசி எண். வங்கிக் கணக்கு, ஆதார், வருமான வரி, கல்லூரி விண்ணப்பம், மின்னஞ்சல் என எல்லாவற்றின் வாசலிலும் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் காவல் நிற்கிறது. எண் எப்போதும் உரியவரின் கையில் இருக்கும், கைபேசியில் எப்போதும் சிக்னல் இருக்கும் என்கிற இரண்டு அனுமானங்களின் மீது இந்த ஏற்பாடு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுக்குச் சென்றவரிடம் முதல் அனுமானம் பொய்த்துப்போகிறது. மலையில் வாழ்பவரிடம் இரண்டாவது பொய்த்துப்போகிறது. இவை இரண்டையும் அரசு தனித்தனிப் பிரச்சினைகளாகவே கையாண்டுவருகிறது. மகன் அயல்நாட்டிலும் பெற்றோர் மலையிலுமாக வாழும் ஒரு குடும்பத்துக்கு அவை இரண்டும் ஒன்றே.

மலையும் கோபுரமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்திருக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள் உள்ளன. மக்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். சாமை, புளி, பலா, தேன் ஆகியவற்றை நம்பிய வாழ்வாதாரம் ஆண்டு முழுவதும் கைகொடுப்பதில்லை என்பதால், வேலை தேடி மலையை விட்டு இறங்குவது இங்கே பல காலமாகத் தொடர்கிறது.

இதே மலைத்தொடரில் காவலூரில் அமைந்திருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று, 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயங்களைப் பதிவுசெய்த உலகின் சில ஆய்வகங்களுள் இதுவும் ஒன்று. நகர வெளிச்சத்திலிருந்து விலகியிருந்ததே இந்த இடம் வானியலுக்குத் தேர்வு செய்யப்பட்டதற்கு ஒரு காரணம். அறிவியலுக்கு வாய்ப்பாக அமைந்த அந்த விலகலே, தொலைத்தொடர்பைப் பொறுத்தவரை மக்களுக்குச் சுமையாகிவிட்டது.

காரணங்கள் எளியவை. கைபேசி அலைகள் பெரிதும் நேர்கோட்டில் செல்பவை. குன்றுக்கு மறுபுறம் உள்ள பள்ளத்து ஊரை அவை எட்டுவதில்லை. சமவெளியில் ஒரு கோபுரம் செய்யும் வேலைக்கு மலையில் பல கோபுரங்கள் வேண்டும். வீடுகளோ சிதறிக் கிடக்கின்றன. வருவாயைக் கணக்கிடும் தனியார் நிறுவனங்கள் அங்கே வரத் தயங்குகின்றன. காப்புக்காட்டின் வழியே கண்ணாடியிழை வடம் பதிக்க வனத் துறையின் அனுமதி வேண்டும். கோபுரம் நிறுவப்பட்ட பிறகும், மின்வெட்டின்போது மின்கலம் தீர்ந்துவிட்டால் அது வெறும் இரும்புச் சட்டம்தான்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. இணைப்பு எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு பிஎஸ்என்எல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் பணி, தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனத்தின் வசம் இருக்கிறது. ஆனால், ஊராட்சி அலுவலகம் வரை வடம் வந்துசேர்வதும், அந்த ஊராட்சியைச் சேர்ந்த மலையூர் ஒன்றில் ஒரு மூதாட்டியின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துசேர்வதும் வெவ்வேறு நிகழ்வுகள்.

சிக்னல் இல்லாத நேரத்தில் அனுப்பப்படும் குறுஞ்செய்தி அழிந்துவிடுவதில்லை. நிறுவனத்தின் சேவை மையத்தில் காத்திருந்து, கைபேசி மீண்டும் சிக்னலுக்குள் வந்ததும் வந்துசேர்கிறது. நலம் விசாரிக்கும் செய்திக்கு இந்தத் தாமதம் பொருட்டல்ல. ஆதார் ஓடிபியின் ஆயுளோ பத்து நிமிடம். பல வங்கிகளின் ஓடிபிக்கு அதைவிடவும் குறைவு. மேட்டுக்கு ஏறிச் சென்று பார்க்கும்போது வந்திருப்பது செல்லாக் காசாகிப்போன ஓர் எண் மட்டுமே.

மின்னஞ்சல் யாருடையது?

மின்னஞ்சலின் நிலை இன்னும் நுட்பமானது. கல்வி உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, கடவுச்சீட்டு என்று ஏதாவதொரு விண்ணப்பத்துக்காகத்தான் கிராமப்புற மாணவர் பலருக்கு முதல் மின்னஞ்சல் முகவரி உருவாகிறது. அதை உருவாக்குபவர் பெரும்பாலும் பிரவுசிங் சென்டர் நடத்துபவர். கடவுச்சொல்லை அவரே தீர்மானிக்கிறார். சில வேளைகளில் மீட்பு எண்ணாகத் தம் எண்ணையே கொடுத்துவிடுகிறார். விண்ணப்பம் முடிந்ததும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதித்தரப்படும் கடவுச்சொல், அந்தச் சீட்டோடு தொலைந்துபோகிறது. பெயரளவில் மின்னஞ்சல் மாணவருடையது. திறவுகோலோ கடைத்தெருவில் இருக்கிறது.

உள்ளூரில் இருக்கும்வரை இதன் விளைவு தெரிவதில்லை. தேவைப்பட்டால் கடைக்காரரிடமே போய்க் கேட்கலாம். கடல் கடந்த பிறகுதான் அந்த மின்னஞ்சலின் அருமை புரிகிறது. கடவுச்சீட்டுச் சேவைத் தளத்தில் நுழைவதற்கான பயனர் பெயர், கல்விச் சான்றிதழ்களின் நகல், வேலை ஒப்பந்தம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 மே மாதம் அறிவித்த கூகுள் நிறுவனம், அவ்வாண்டு டிசம்பர் முதல் அதைச் செயல்படுத்திவருகிறது. மறந்துபோன மின்னஞ்சல் எப்போதும் அங்கேயே இருக்கும் என்கிற உறுதி இனி இல்லை.

வெளியிலிருந்து தட்டப்படும் கதவு

ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரின் இளைஞர் துபாயில் வேலை பார்ப்பதாகக் கொள்வோம். புதிய கைபேசியிலிருந்து தன் மின்னஞ்சலைத் திறக்க முயல்கிறார். புதிய நாடு, புதிய கருவி என்பதால் கணினி ஐயுறுகிறது. பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது. கணக்கை மீட்க விரும்புவோருக்கு கூகுள் தரும் அறிவுரை, வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் முயலுங்கள் என்பதுதான். புலம்பெயர்ந்தவரால் பின்பற்ற முடியாத அறிவுரைகள் இவை இரண்டுமே. இலவசக் கணக்கு என்பதால் தொலைபேசியில் அழைத்து முறையிட ஆளும் இல்லை.

பழைய எண் எங்கே? மாதந்தோறும் ரீசார்ஜ் செய்யாவிட்டால் குறுஞ்செய்தி வருவது நின்றுவிடும். தொடர்ந்து 90 நாள்கள் பயன்படுத்தப்படாத முன்கட்டண எண்ணைத் துண்டிக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால் அவ்வாறு துண்டிக்கக் கூடாது என்கிறது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2013இல் கொண்டுவந்த விதி. இந்தப் பாதுகாப்பை அறிந்திருப்போர் எத்தனை பேர்? துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். உச்ச நீதிமன்றத்தில் 2023 நவம்பரில் இது குறித்த வழக்கு வந்தபோது, பழைய தரவுகளை நீக்கிக்கொள்ள வேண்டியது பயனாளரின் பொறுப்பு என்பதே முடிவாக அமைந்தது. அயல்நாட்டில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் உழைப்பவருக்கு 90 நாள்கள் என்பது மிகச் சிறிய காலம்.

ஆதாரிலும் இதே இடர்ப்பாடுதான். வெளிநாட்டு எண்ணுக்கு ஆதார் ஓடிபி அனுப்பப்படுவதில்லை. தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் அவற்றைப் பதிவுசெய்த சிம் பொருத்தப்பட்ட கைபேசியில் மட்டுமே இயங்க வேண்டும் என்றது. இணையக் குற்றங்களைத் தடுப்பது அதன் நோக்கம். சிம் கைபேசியில் இருந்தால் ரோமிங்கில் இருப்போருக்குப் பாதிப்பில்லை என்று அரசு விளக்கமளித்தது. இந்திய சிம்மை வீட்டில் விட்டுவிட்டு அதே எண்ணில் வாட்ஸ்அப் பயன்படுத்தும் அயலகத் தமிழருக்கு அந்த விளக்கத்தால் பயனில்லை.

பகிராதே, பகிர்

எனவே, பெரும்பாலோர் ஒரு குறுக்குவழியைக் கையாள்கிறார்கள். சிம்மைப் பழைய கைபேசியில் போட்டு அம்மாவிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டுச் செல்கிறார்கள். தேவைப்படும்போது அழைத்து, “மெசேஜ் வந்திருக்கும், அந்த நம்பரைச் சொல்லும்மா” என்கிறார்கள். அம்மா வாசிக்கிறார், கதவு திறக்கிறது. மலையில் இருக்கும் வீடு என்றால், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு அவர் முதலில் நடக்க வேண்டும். அதற்குள் எண் காலாவதியாகாமலும் இருக்க வேண்டும்.

இந்தக் குறுக்குவழியின் ஆபத்து தாமதத்தில் மட்டும் இல்லை. ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்று ரிசர்வ் வங்கி முதல் காவல் துறை வரை இடைவிடாமல் எச்சரிக்கின்றன. ஆனால், தொலைபேசியில் கேட்கும் குரலை நம்பி ஓடிபியை வாசித்துக் காட்டும் பழக்கத்தை லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதே ஏற்பாடுதான் கற்றுக்கொடுத்திருக்கிறது. மகனுக்காகப் பத்து முறை எண்களை வாசித்த தாய், வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு பேசும் பதினோராவது குரலுக்கும் வாசித்துவிட்டால் குற்றம் யாருடையது? அவரது அறியாமையைப் பழிப்பது எளிது. பகிராமல் வாழவே முடியாத ஓர் அமைப்பை உருவாக்கிவிட்டு, பகிராதே என்று அறிவுறுத்துவதில் உள்ள முரணைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

மாற்று வழிகள் உண்டு

குறுஞ்செய்தி வழி ஓடிபி பாதுகாப்பானது என்கிற கருத்தை உலகம் கைவிட்டுவருகிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2017இலேயே அதைக் கட்டுப்பாட்டுக்குரிய முறையாக வகைப்படுத்தியது. டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்போர் வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்துவதாக சிங்கப்பூர் 2024 ஜூலையில் அறிவித்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் வங்கிகள் 2025 ஜூலையில் இதே பாதையில் அடியெடுத்துவைத்தன. தமிழ்த் தொழிலாளர் மிகுதியாக வாழும் இந்த இரு நாடுகளிலும், உள்ளூர் வங்கிக் கணக்கைத் திறக்க ஓடிபி தேவையற்றதாகிவருகிறது. ஊரிலுள்ள கணக்கைத் திறக்கத்தான் அது இன்னும் வேண்டியிருக்கிறது.

கைபேசிச் செயலியே 30 விநாடிகளுக்கு ஒருமுறை புதிய எண்ணை உருவாக்கும் முறைக்கு சிக்னலே தேவையில்லை. முதல்முறை பகிர்ந்துகொண்ட ஒரு ரகசியக் குறியீடும் கைபேசியின் கடிகாரமும் போதும். காவலூர்ப் பள்ளத்தாக்கிலும் கத்தார் பாலைவனத்திலும் அது ஒன்றுபோலவே இயங்கும். கைரேகை அல்லது முகத்தால் திறக்கும் பாஸ்கீ இன்னும் எளிது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், குறுஞ்செய்தியைத் தாண்டிய சரிபார்ப்பு முறைகளுக்கு வழிவிட்டு, 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் குறித்தன. வழி திறந்திருக்கிறது, அதில் வங்கிகள் நடந்தாக வேண்டும் என்கிற கட்டாயம்தான் இன்னும் போதவில்லை.

யுபிஐ சேவையில் வெளிநாட்டு எண்களை ஏற்க 2023 ஜனவரியில் எடுக்கப்பட்ட முடிவு நல்ல முன்னுதாரணம். முதற்கட்டமாக 10 நாடுகளின் எண்கள் ஏற்கப்பட்டன. தமிழர்கள் பெருமளவில் உழைக்கும் குவைத்தும் மலேசியாவும் அந்த முதல் பட்டியலில் இல்லை. தவிர, என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரண சேமிப்புக் கணக்கை மாற்றிக்கொள்ளாமல் சென்ற தொழிலாளிக்கு அதனால் பயனில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, குறுஞ்செய்தியை ஒரே வழியாகக் கொண்ட எந்தப் பொதுச் சேவையும் இருக்கக் கூடாது. மின்னஞ்சல், செயலி, முகச் சரிபார்ப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் மாற்றாக இருந்தாக வேண்டும். இரண்டாவதாக, வெளிநாடு செல்வோருக்கு ‘எண் பாதுகாப்பு’ என்று குறைந்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு திட்டத்தை ட்ராய் வகுக்க வேண்டும். குறுஞ்செய்தி மட்டும் வந்தால் போதும். தினசரி டேட்டாவுக்காக அவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? குரல், குறுஞ்செய்திக்கு மட்டுமான தனித் திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் விதித்திருப்பதால், இது அதிலிருந்து ஓரடி தூரம்தான்.

மூன்றாவதாக, மலைப்பகுதிகளில் நிறுவப்பட்ட கோபுரங்களின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையிடாமல், அவை மாதத்துக்கு எத்தனை மணி நேரம் இயங்கின என்பதையும் ஊராட்சிவாரியாக வெளியிட வேண்டும். நான்காவதாக, இசேவை மையங்களில் உருவாக்கப்படும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் விண்ணப்பதாரரே தீர்மானிப்பதை உறுதிசெய்யும் எளிய நடைமுறை வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதை ஒரு பாடவேளையில் கற்றுத்தந்துவிடலாம்.

அயலகத் தமிழர் நலத் துறைக்கும் இதில் பங்கு உண்டு. பயணத்துக்கு முன்பான வழிகாட்டுதலில் விசா, ஊதியம், தூதரக முகவரி ஆகியவற்றோடு மேலும் நான்கு செய்திகளைச் சேர்க்கலாம். புறப்படும் முன்பே சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்திக்கொள்ளுங்கள். உள்வரும் குறுஞ்செய்திக்கு வெளிநாட்டில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. சிம்மைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு சிம் பொருத்தும் கைபேசி இதற்குப் போதும். மின்னஞ்சலுக்கு கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டு எண் கிடைத்ததும், பழைய எண் உயிரோடு இருக்கும்போதே அதை மீட்பு எண்ணாகச் சேர்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் தனிமனிதர் செய்துகொள்ளக்கூடிய தற்காப்பு மட்டுமே. ஒரு குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த மலையில் வாழ்ந்தாலும் அவர் அவர்தான். அதை மெய்ப்பிக்கும் சுமையை வயதான ஒரு தாயின் மேல் ஏற்றி, அவரை மேட்டுக்கு நடக்கவைக்கும் ஏற்பாட்டை டிஜிட்டல் வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.