கேஸ் எங்கே போயிற்று?

சித்திரை வெயில் தலைகாட்டியதும் கார் பட்டறைகளில் ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழும். "ஏ.சி.யில கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சுடலாம்." மாணவ நண்பர்களே, இதில் வரும் 'தீர்ந்துபோச்சு' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. பெட்ரோல் தீரும், ஏனென்றால் அது எரிகிறது. ஏ.சி.யில் உள்ள வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அப்படியானால் அது எங்கே போயிற்று?

ஊசி போடுமுன் நர்ஸம்மா கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கார் ஏ.சி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது சுழியத்துக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கம்ப்ரஸர் இதை அமுக்கிச் சூடாக்குகிறது. காரின் முகப்பில் உள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு குறுகிய வால்வு ஒன்றின் வழியே பாய்ந்து அழுத்தம் குறைகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஆவியாக்கியில் கொதித்து, காரின் உட்காற்றிலுள்ள வெப்பத்தை வாரிக்கொள்கிறது. மறுபடியும் கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. இது மூடிய வட்டம். இதில் வாயு குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள்.

"எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பத்து வருடமாகக் கேஸே போடவில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைத்து மூடப்பட்டுள்ளன. பெட்ரோல், டீசல் காரில் கம்ப்ரஸரை எஞ்சின் ஒரு பெல்ட்டால் சுழற்றுகிறது. ஆகவே சுழலும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள சீல், ரப்பர் குழாய்கள், இணைப்புகள் எல்லாம் நம் சாலைக் குழிகளில் நாள்தோறும் குலுங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் சிறிது வாயு கசிவது இயல்புதான். ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டியிருந்தால் அது இயல்பு அல்ல.

சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டாமல் தினமும் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். கார் விஷயத்தில் மட்டும் அதற்குப் பணமும் கொடுக்கிறோம். அங்கே வெளியேறுவது வெறும் காற்றும் அல்ல. ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடேற்றும். ஒரு காரில் சுமார் அரைக் கிலோ இருக்கிறது என்று கொள்வோம். அது முழுவதும் கசிந்தால் 700 கிலோவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். கணக்குப் போடுங்கள். ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல்! லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

இதற்கு முன் கார்களில் இருந்த ஆர்-12 என்ற வாயுவில் குளோரின் உண்டு. அத்தகைய வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலறிஞர்கள் 1974-இல் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது என்பதால் இடம்பிடித்தது. ஒரு நோயைத் தீர்த்த மருந்தே இன்னொன்றைக் கொண்டுவந்த கதை இது. 2016-இல் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டை இந்தியா 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஆனால் இன்று ஓடும் கார்களில் இருக்கும் வாயு அதுவரை காத்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. ஏ.சி.யிலிருந்து வழக்கத்துக்கு மீறி வாயு கசிந்திருந்தால், பழுதை நீக்காமல் அதில் மீண்டும் வாயு நிரப்பக் கூடாது என்கிறது அது. நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்பது என் கருத்து.

பட்டறைக்காரர்களிடம் இதைச் சொன்னால் அவர்களும் ஒரு நியாயம் சொல்வார்கள். கசிவைத் தேட அரை நாள் ஆகலாம். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அரை நாள் வருமானம் போய்விடும். அவருக்கு வேண்டியது இப்போதே குளிர்ச்சி. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஓட்டுநர் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் பணம் கட்டுகிறார். வாயுவோடு சேர்ந்து கம்ப்ரஸருக்கு மசகாக இருக்கும் எண்ணெயும் வெளியேறும். எண்ணெய் வற்றினால் கம்ப்ரஸரே போய்விடும். அதன் விலையைக் கேட்டால் அந்த அரை நாள் பெரிதாகத் தோன்றாது.

கசிந்த இடத்தை அந்த எண்ணெயே பல சமயம் காட்டிக்கொடுக்கும். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள். நைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்திச் சோப்பு நீர் தடவினால் குமிழி வரும். பஞ்சர் கடைத் தொட்டியின் பாடம்தான்! ஓட்டையை அடைத்தபின் பம்ப் வைத்து உள்ளே வெற்றிடமாக்க வேண்டும். அழுத்தம் வளிமண்டலத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் 30 டிகிரியிலேயே நீர் கொதித்து வெளியேறிவிடும். இதைச் செய்யாவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் அந்தக் குறுகிய வால்வில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும்.

குளிர்ச்சி குறைந்தாலே வாயுதான் குறை என்றும் முடிவு கட்டாதீர்கள். கண்டென்சரில் சேறு அப்பியிருக்கலாம், அதன் விசிறி நின்றிருக்கலாம், காற்று வடிகட்டியில் குப்பை அடைத்திருக்கலாம். அப்போது கூடுதலாக வாயு அடித்தால் அழுத்தம் எகிறி நிலைமை மோசமாகும். அழுத்தமானியை மாட்டிப் பார்க்காமல் நோய் சொல்லும் மெக்கானிக், நாடி பிடிக்காமல் மருந்து எழுதும் வைத்தியர் மாதிரி.

நீங்களே குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பீறிடும் திரவம் தோலில் பட்டால் சதை உறைந்துவிடும். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கார் பட்டறைக்குப் போகும்போது கூடவே போங்கள். எத்தனை கிராம் வாயு இருக்க வேண்டும் என்று எஞ்சின் மூடியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். தராசில் நிறுத்துத்தான் நிரப்புகிறாரா என்று பாருங்கள். பிறகு மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, பழைய கேஸ் எந்த வழியாகப் போச்சு?"