கடைசியாகக் கை வைத்தவர்

மார்கழிக் குளிரில் கிளியனூரில் ஒரு மாடி போர்ஷனுக்குக் கீசர் மாட்டக் கூப்பிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசரைக் குடித்தனக்காரரே வாங்கி வைத்திருந்தார். பவர் பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. அத்தோடு விட்டிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். ஏதோ உறுத்த, பிளேட்டைக் கழற்றினேன். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர். அந்த வீட்டில் எர்த்தே இல்லை.

நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த லூப் இருக்கும்வரை டெஸ்ட் லாம்ப் பொய்தான் சொல்லும். முன்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருந்தாலும், ஹீட்டர் சுருளில் கசியும் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால் அதற்கு ஒன்றும் தெரியாது.

ஓனருக்குப் போன் போட்டேன். "இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுது தம்பி, மாட்டிட்டுப் போங்க" என்றார். குடித்தனக்காரரோ, "ஓனர்கிட்ட வம்பு வேணாம்ணா, அட்வான்ஸ் அவர் கையில இருக்கு" என்றார். நான் மாட்டவில்லை. மறுநாளே வேறொருவர் மாட்டிவிட்டார்.

வாடகை வீட்டு வேலையின் சிக்கலே இதுதான். கூலி தருபவர் ஒருவர், சுவரும் ஒயரிங்கும் இன்னொருவருடையது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை பராமரிப்பைப் பிரித்துக் கொடுக்கிறது: ஒயரிங் ஓனர் பொறுப்பு, சுவிட்ச், சாக்கெட், கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. தாளில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்பு ஒயர் சாக்கெட்டா, ஒயரிங்கா? ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினால் நடுவில் நிற்பது நாம்தான்.

"ஓனர் சொன்னார், மாட்டினேன்" என்பது நம்மைக் காப்பாற்றாது. கூலி வாங்கிச் செய்த வேலை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை; அதில் குறை இருந்தால் குடித்தனக்காரர் வழக்குப் போடலாம். அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-யில் இது 2 ஆண்டாக இருந்தது. இதில் லைசென்ஸ் விஷயமும் உண்டு. பல்ப், பேன், சுவிட்ச் மாற்றுவதற்கு விதியில் விலக்கு இருக்கிறது. ஏசிக்கோ கீசருக்கோ புது லைன் இழுத்தால் அந்த விலக்கு கிடையாது, அது லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர் செய்ய வேண்டிய வேலை.

2019 மே மாதம் பக்கத்துத் திண்டிவனத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர் இறந்தபோது, ஏசி வெடித்ததாகத்தான் முதலில் செய்தி வந்தது. பிறகு போலீஸ் விசாரணையில் அது கொலை என்று தெரிந்து மூத்த மகன் கைதானார். நடுவில் கழிந்த அந்த நாட்களை, மாவட்டத்தில் ஏசி மாட்டும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விரல் முதலில் நீளுவது மெஷினை நோக்கி, அடுத்தது அதை மாட்டியவரை நோக்கி.

உயிர்ச்சேதம் அரிது. அன்றாடம் வருவது ஓட்டைத் தகராறு. ஏசி பைப்புக்கு மூன்று அங்குல ஓட்டை போடுகிறோம், இரண்டு வருடத்தில் குடித்தனக்காரர் காலி செய்கிறார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், அவர் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போக அனுமதிக்கிறது. ஆனால் வீட்டை வாங்கியபடியே ஒப்படைக்க வேண்டும். ஓட்டையைக் காட்டி ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார், குடித்தனக்காரர் நமக்குப் போன் போடுவார். அதனால் மாட்டும் கூலியைச் சொல்லும்போதே கழற்றி அடைக்கும் கூலியையும் பில்லில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

டிரில் எடுக்குமுன் ஓனரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி வாங்குங்கள்: எந்தச் சுவர், எத்தனை அங்குலம், அவுட்டோர் யூனிட் எங்கே. குரல் பதிவானாலும் பரவாயில்லை. போர்டைத் திறந்ததும் ஒரு போட்டோ, மூடுமுன் ஒரு போட்டோ. இவை ஓட்டைத் தகராறுக்குப் போதும். எர்த் இல்லாத வீட்டுக்கு எந்தச் சம்மதமும் போதாது. எர்த் பிட் போடும்வரை மாட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். வேலை போய்விடும் என்கிறார்கள். போகும்தான், எனக்கும் போயிற்று.

கிளியனூர் வீட்டில் இப்போது வேறு குடித்தனம். பழையவர் கீசரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிளக்கில் இப்போது வாஷிங் மெஷின் ஓடுகிறது.