பாகுநிலையும் படமும்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "பி.எஸ்ஸி. படிக்கிறவனுக்குப் படம் எதற்கடா?" என்கிறார் அப்பா.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1925-இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி சாந்திநிகேதனில் பயின்று, சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். பின்னர் பாரிசில் ஹேட்டரின் பட்டறையில் சேர்ந்து, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒருசேர அச்சிடும் முறையை வளர்த்தார். எண்ணெய் கூடிய இளகிய மை, கெட்டி மையைத் தன்மேல் ஒட்டவிடாது. மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் வேறு நிறம். ஆய்வகத்தில் ஆமணக்கெண்ணெயில் குண்டு போட்டு நாம் அளக்கும் அதே பாகுநிலைதான்! நாம் மதிப்பெண் வாங்கியதும் மறந்தோம். அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக்கினார்.

நுண்கலை மன்றம் கூடும் நேரத்திலேயே நமக்குச் செய்முறை வகுப்பு. ஆசிரியப் பெருமக்கள் அதை மாற்றித் தரவேண்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.