போனால் போகட்டும் என்று விடுகிற பணமா இது?

அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து ஓ.பி.டி.யில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை, "சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று பிடிக்கிறார்கள்" என்று சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "போனால் போகட்டும்ப்பா. கம்பெனியோடு எதுக்கு வம்பு? வேலை நிலைச்சா போதும்."

இந்த அறிவுரை தப்பு என்கிறேன்.

முதலில் கணக்கு. சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம். ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர் என்றால் பிடித்தம் 4,590 டாலர். இங்கே வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கல்விக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது இது சில்லறைக் காசா?

அடுத்து சட்டம். எஃப்-1 விசாவில் போன மாணவர், வரிக் கணக்கில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் 'நான்-ரெசிடென்ட்'. அதுவரை ஓ.பி.டி. சம்பளத்தில் இந்த இரண்டையும் பிடிக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் போனவருக்கு 2022-ம் ஒரு ஆண்டாகவே கணக்கு. 2026 டிசம்பரோடு ஐந்து முடிகிறது. அதற்குப் பிறகு பிடித்தால் நியாயம். வருமான வரி வேறு விஷயம். அதை முதல் சம்பளத்திலிருந்தே கட்டத்தான் வேண்டும்.

"இது வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் சலுகை, முதலாளிக்கும் அவர் பங்கு மிச்சம்" என்று அங்கேயே சிலர் குறை சொல்கிறார்கள். இதை நீக்க மசோதாக்களும் வந்திருக்கின்றன. முதலாளிக்கு மிச்சமாவது உண்மைதான். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் கிடைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கட்டியிருக்க வேண்டும். ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு ஒரு காசு வராது. கட்டியதை இங்கே கணக்கில் சேர்க்க இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தமும் கிடையாது. பலன் கிடைக்காத சந்தாவைக் கட்டாமல் இருப்பது எப்படிச் சலுகை ஆகும்? பென்ஷன் வாங்கும் நமக்கு இது புரியாதா?

பிள்ளையிடம் சொல்லுங்கள்: டபிள்யூ-2 தாளில் 4, 6 கட்டங்களைப் பார்க்கட்டும். தொகை இருந்தால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேட்கட்டும். அங்கே நடக்காவிட்டால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு 843, 8316 படிவங்களை அனுப்பலாம். பொதுவாக மூன்று ஆண்டு கெடு, தூங்கினால் போயிற்று. தவறாகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்பது விசா விதிமீறல் அல்ல.

அதே கண்டிப்பு நம் பக்கமும் வேண்டும். நான்-ரெசிடென்ட் தாக்கல் செய்ய வேண்டியது 1040-என்.ஆர். கூடப் படிக்கும் நண்பன் சொன்னான் என்று சாதாரண 1040-ஐப் போட்டு, உரிமையில்லாத சலுகையை வாங்குவது குற்றம். சரியான படிவத்திலேயே நம் மாணவர்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உண்டு. வருமானமே இல்லாத ஆண்டிலும் 8843 படிவத்தை அனுப்ப வேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். கடல் தாண்டிப் போன பிள்ளையிடம் மட்டும் வாயை மூடிக்கொள் என்று ஏன் சொல்கிறோம்?