கைநாட்டு வைக்குமுன் கேட்போம்

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. எடுக்க முடியாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. 1953இல் தொழிலாளர்கள் அந்த இழிவை எதிர்த்து எழுந்தார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. செய்து, செய்தலவி, ஆன்டனி ஆகிய மூவரை அந்தப் போராட்டம் பலி கொண்டது. பிறகு சாப்பா ஒழிந்தது.

உண்மையிலேயே ஒழிந்துவிட்டதா? இன்று வேலைக்குப் போனால் ஆதார் நகல் கொடு, வாடகைக்கு வீடு கேட்டால் ஆதார் நகல் கொடு, கடன் கேட்டால் கைரேகை வை என்கிறார்கள். அன்று வில்லைக்காக நாம் ஓடினோம். இன்று நம்முடைய வில்லையை அவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள்; திருப்பித் தருவதில்லை.

சென்ற மாதம் ஒரு தாய் நமது சங்கத்துக்கு வந்தார். சுமை தூக்கும் அவர் கணவர் ஏதோ ஒரு ஏஜண்டிடம் ஆதார் நகல் கொடுத்திருந்தார். இப்போது அவர் வாங்காத இரண்டு சிம் கார்டுகள் அவர் பெயரில் இருக்கின்றன. "நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?" என்று அந்தத் தாய் அழுதார்.

"ஏழைக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். பூட்டு திருடனுக்கு மட்டும் உரியதா? மானமுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். பணக்காரருக்கு மட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை.

காயலுக்கு அக்கரையில் எறணாகுளத்திலும் இதே கேள்வி எழுந்தது. 2020இல் கொரோனா காலத்தில் மக்களின் உடல்நல விவரங்களைத் தொகுக்கும் வேலையைக் கேரள அரசு ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. நோயைத் தடுக்க அரசு பட்ட பாட்டை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் விவரத்துக்குச் சொந்தக்காரர்களிடம் யார் கேட்டார்கள்? ஏப்ரல் 24 அன்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகளை நீக்கிய பிறகே கம்பெனிக்குத் தர வேண்டும், இனி விவரம் வாங்கும்போது மக்களிடம் சொல்லி, சம்மதம் பெற வேண்டும். அவசரகாலத்திலும் சம்மதம் தேவை என்றால், சாதாரண நாளில் ஒரு ஒப்பந்தக்காரருக்குத் தேவையில்லையா?

நாம் வேலை செய்யும் ரயில்வேயையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஆகஸ்டில் பயணிகளின் விவரங்களைக் கொண்டு வருமானம் ஈட்ட வழி காண ஐ.ஆர்.சி.டி.சி. டெண்டர் விட்டது. ஊருக்குப் போக நாம் கொடுத்த பெயரும் வயதும் செல்பேசி எண்ணும் சரக்கா என்று நாடு கேட்டது. அதே மாதம் டெண்டரை வாபஸ் வாங்கினார்கள். கேட்டால்தான் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். பிழையைத் திருத்தக் கேட்கலாம், அழிக்கவும் கேட்கலாம். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். நமக்கு முக்கியமானது இன்னொன்று: அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வசதி தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. புரியாத தாளில் கைநாட்டு வாங்கும் காலம் முடிய வேண்டும். குறையும் உண்டு. தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசு இந்தச் சட்டத்திலேயே இடம் வைத்துக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அரசும் கட்டுப்பட வேண்டும் என்பதே நமது நிலை.

தோழர்களே, தாய்மார்களே! சட்டம் முழுதாக வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். நகல் கொடுக்கும்போது எதற்கு, யாருக்கு, என்ன தேதி என்று அதன் மேலேயே எழுதுங்கள். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். அது போதுமென்ற இடத்தில் அதையே கொடுங்கள். செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். பணம் பறிபோனால் உடனே 1930க்குப் பேசுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். மாலையில் சங்கத்துக்கு வாருங்கள், கூட இருந்து செய்து தருகிறோம்.

தனியாகக் கேட்டால் "நாளை வேலைக்கு வராதே" என்பார்கள். அதனால்தான் சங்கம். சாப்பாவைத் தனி ஆள் ஒழிக்கவில்லை.