எத்தனை மாதம் பொறுப்பது?

"உடம்பிலுள்ள ஈயத்தை எடுக்க மருந்து சாப்பிட்டு முடித்தாயிற்று, இனி எத்தனை மாதம் பொறுக்கவேண்டும், டாக்டர்?" என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிரசவ வைத்தியம் செய்யும் நம் அன்பர்களை ஒரு தம்பதி கேட்டால், மூன்றென்றோ ஆறென்றோ சொல்லி அனுப்புவது சுலபம், ஆனால் சாஸ்திர சம்மதமாகாது. ரத்தத்திலுள்ள ஈயம், அதாவது காரீயம், ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையுமெனினும், எலும்பில் படிந்தது பல்லாண்டுகள் அங்கேயே தங்கியிருந்து, தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அதனோடு வெளிப்பட்டு, நஞ்சுக்கொடியைத் தாண்டியும் தாய்ப்பால் வழியாகவும் சிசுவைச் சேர்கிறது. ஈயத்தை வெளியேற்றும் சக்ஸிமர் மருந்தை நிறுத்திய சில வாரங்களில் ரத்த அளவு மறுபடி ஏறுவதும் இக்காரணத்தாலேயே. ஆகையால், சிகிச்சை முடிந்தவுடன் எடுத்த ஒரே பரிசோதனை முடிவை நம்பாமல், சில வாரங்கள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் பரிசோதித்து, அளவு தாழ்ந்து நிலைக்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதே முறை. பெனிசிலமின் போன்ற மருந்துகள் சிசுவுக்கு ஊனம் விளைவிக்கக்கூடுமாதலின், சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியம்.

மருந்துக்கும் முந்தியது ஈயம் வந்த வழியை அடைப்பது. ஈயச்சொம்பில் வைத்தால்தான் ரசம் மணக்கும் என்பது நம் வீட்டு மாமியார்களின் சித்தாந்தம். அதை மறுக்க எமக்குத் தைரியமில்லை. ஆனால் வெள்ளீயத்தால் ஆகவேண்டிய அச்சொம்பில் காரீயம் கலந்திருந்தால், கொதிக்கும் புளித்தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்ளும். அண்டையிலுள்ள சிவகாசியின் பட்டாசுகளில் காரீயம், பாதரசம் முதலிய ஐந்து பொருள்களை உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று விலக்கியது நன்று. எனினும் பழைய பாட்டரிகளை உடைக்கும் கணவனின் சட்டையோடு வீட்டுக்குள் வரும் தூசியை எந்தத் தீர்ப்பும் தடுக்காது.

மருந்தும் ஈயம் வரும் வழியாகலாம் என்றால் சித்த வைத்திய நண்பர்கள் கோபிக்கவேண்டாம். 2011, 2012-ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஈய விஷம் கண்ட ஆறு கர்ப்பிணிகள் இந்தியாவிலிருந்து சென்ற ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்டவர்கள் என்பது அந்நகரச் சுகாதாரத் துறை பதிவுசெய்த விஷயம். பற்பமோ செந்தூரமோ, கருத்தரிக்க விரும்பும் பெண் எதைச் சாப்பிடுகிறாள் என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்வது எந்த வைத்திய முறைக்கும் இழுக்கன்று.

'டிடாக்ஸ்' என்று விளம்பரப்படுத்தி, முதலில் உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துப் பின்பு சிறுநீரில் உலோகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் சோதனைக்கு மதிப்பில்லை. எவர்க்கும் அம்மருந்துக்குப்பின் சிறிது உலோகம் வெளிவரத்தான் செய்யும். பார்க்கவேண்டியது ரத்த அளவையே. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 நெறிமுறை, ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே மூலத்தைத் தேடச் சொல்கிறது. உலோகத்தை வெளியேற்றும் மருந்துக்குரிய அளவோ அதைப்போலப் பன்மடங்கு. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கர்ப்பிணிக்கு அந்த 5-ஐ எட்டியதுமே கால்சியம் கொடுக்கும்படியும் அது கூறுகிறது.

அன்பர்களே, அடுத்த முறை அத்தம்பதி வரும்போது, சீட்டில் மருந்தின் பெயரை எழுதுமுன், வீட்டிலுள்ள ஈயச்சொம்பையும் மருந்து டப்பாக்களையும் எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள்.